பழைய ஆபீஸ் பிசில 4கே வீடியோ, கொஞ்சம் கேம்: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

கேள்வி: அண்ணா, என்கிட்ட ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 இருக்கு, சின்ன கேபினட், ஐ5 4590, 8 ஜிபி ரேம். 4கே டிவில கனெக்ட் பண்ணிருக்கேன். யூடியூப்ல 4கே போட்டா விட்டு விட்டு ஓடுது, ப்ராசஸர் 100 பர்சன்ட் போயிடுது. வேலொரண்ட், ஜிடிஏ 5 ரெண்டும் ஆடணும். பட்ஜெட் 8,000 ரூபா. கடைல 4 ஜிபி ஜிடி 730 எடுத்துக்கோனு சொல்றாங்க. எடுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி, அந்த கார்டு மட்டும் வேணவே வேணாம். 4 ஜிபினு அட்டைப்பெட்டில பெருசா போட்டிருக்கும், அதப் பாத்துதான் நெறைய பேர் பணத்த விடுறாங்க.

மொதல்ல உங்க வீடியோ ஏன் திக்குதுனு பாப்போம். யூடியூப் 1080பி வரைக்கும்தான் ஹெச்.264 ஃபார்மட்ல தருது, அதுக்கு மேல 1440பி, 4கே எல்லாம் விபி9 இல்லனா ஏவி1 தான். கிராபிக்ஸ் சிப்புக்குள்ள வீடியோவ பிரிச்சு காட்டுறதுக்குனே தனியா ஒரு டீகோடர் பகுதி இருக்கும், அதுக்கு அந்த ஃபார்மட் தெரிஞ்சிருந்தா ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கும், தெரியலனா மொத்த பாரமும் ப்ராசஸர் தலைல விழும். உங்க ஐ5-ல இருக்கற ஹெச்டி 4600-க்கு விபி9-க்கான முழு ஹார்ட்வேர் டீகோடர் கெடையாது, அதான் இந்தப் பாடு. இப்பவே செக் பண்ணிப் பாக்கலாம், வீடியோ மேல ரைட் க்ளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் போட்டா கோடெக்ஸ்னு ஒரு வரி வரும், அங்க விபி09 இல்ல ஏவி01-னு இருக்கும்.

இப்ப ஜிடி 730-க்கு வருவோம். அது 2014-ல வந்தது, கெப்ளர்ங்கற என்விடியாவோட பழைய டிசைன் காலத்து சிப்பு, அதுலயும் விபி9 டீகோடர் இல்ல, ஹெச்இவிசிங்கற இன்னொரு வீடியோ ஃபார்மட்டுக்கும் இல்ல. அதாவது எந்த பிரச்சனைக்காக காசு போடறீங்களோ அது அப்படியே இருக்கும். இதுல டிடிஆர்3, 64 பிட் மாடலோட மெமரி வேகம் நொடிக்கு 14.4 ஜிபிதான், உங்க மெஷின்ல ரெண்டு ரேம் ஸ்டிக் டூயல் சேனல்ல போட்டிருந்தா அதுவே 25.6 ஜிபி! கார்டுல 4 ஜிபி இருந்தும் அந்த வேகத்துல எந்த கேம் அத நிரப்பப் போகுது? ஹெச்டிஎம்ஐயும் 1.4 தான், 4கே டிவில 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் நகத்தினாலே இழுத்து இழுத்து போகும். என்விடியா 2021 அக்டோபரோட கெப்ளருக்கு கேம் டிரைவர் குடுக்கறதயும் நிறுத்திட்டாங்க. ஜிடி 710-க்கும் இதே கததான்.

கார்டு பேரு பாக்கறதுக்கு முன்னாடி கேபினட்டத் தெறங்க. சின்ன கேபினட்னா லோ ப்ரொஃபைல், அதாவது உயரம் கொறஞ்ச கார்டுதான் ஏறும், அதுக்கான குட்டி பிராக்கெட் பெட்டில இருக்கானு கேட்டு வாங்குங்க. ஸ்லாட்டுக்கும் பவர் சப்ளைக்கும் நடுவுல எவ்ளோ எடம்னு ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க, ஏன்னா கீழ சொல்லப்போற ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 கார்டுகளோட லோ ப்ரொஃபைல் மாடல் எல்லாம் பெரும்பாலும் ரெண்டு ஸ்லாட் தடிமன்ல வரும். கார்டுக்கு தனி பவர் கேபிள் உங்க சப்ளைல இருக்காது, அதனால ஸ்லாட் குடுக்கற 75 வாட்ஸுக்குள்ள அடங்கற கார்டுதான் உங்களுக்கு.

வீடியோதான் முக்கியம், கேம் எப்பவாவதுன்னா ஜிடி 1030 போதும். 30 வாட்ஸ், ஒத்த ஸ்லாட், விபி9, ஹெச்இவிசி 10 பிட் ரெண்டும் ஓடும், ஹெச்டிஎம்ஐ 2.0 இருக்கறதால டிவில 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். ஆனா தயவுசெஞ்சு இத கவனிங்க, இதே பேருல ரெண்டு கார்டு இருக்கு: 2017-ல வந்த ஜிடிடிஆர்5 மாடலுக்கு மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, அடுத்த வருஷம் வந்த டிடிஆர்4 மாடலுக்கு வெறும் 16.8. வீடியோக்கு ரெண்டும் ஒண்ணுதான், கேம்ல டிடிஆர்4 படுத்துடும். பெட்டில ஜிடிடிஆர்5-னு எழுத்தாவே இருக்கணும், கடைக்காரர் வாயால சொன்னா பத்தாது. இன்னொண்ணு, பிசில நெட்ஃபிளிக்ஸ் 4கே பாக்க என்விடியா கார்டுன்னா குறஞ்சது 3 ஜிபி மெமரி கேக்கும், 1030-ல 2 ஜிபிதான், அதுல அது நடக்காது.

ரெண்டு கேமும் ஒழுங்கா ஆடணும்னா என் ஓட்டு செகண்ட் ஹேண்ட் 1050 டிஐ 4 ஜிபி லோ ப்ரொஃபைலுக்குத்தான், எடம் இருந்தா மட்டும். 75 வாட்ஸ்தான், 1080பில ஜிடிஏ 5 சுகமா ஓடும், வேலொரண்டுக்கு 144 ஃப்ரேம் வேணும்னா இந்த கார்டுனு கேம் கம்பெனியே சொல்லிருக்கு. 1650 கெடச்சா இன்னும் நல்லது. ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6400 ஒத்த ஸ்லாட்ல கெடைக்குது, 53 வாட்ஸ், ஆனா அது ஸ்லாட்ல டேட்டா போற பாதைல (லேன்) 4 மட்டும்தான் யூஸ் பண்ணும், உங்க பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுல கொஞ்சம் வேகம் கொறையும். இன்டெல் ஆர்க் ஏ380-ல ஏவி1 எல்லாம் இருக்குனு ஆச வரும், ரீசைசபிள் பார் (கார்டோட மொத்த மெமரியயும் ப்ராசஸர் ஒரே நேரத்துல தொட விடற வசதி) இல்லாத போர்டுல அது ரொம்ப சொதப்பும், விட்டுடுங்க.

நான் சொன்ன மத்த கார்டு எதுலயும் ஏவி1 டீகோடர் இல்ல. அதுக்கு பிரவுசர்ல என்ஹான்ஸ்டு ஹெச்264இஃபைனு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு ஏவி1-அ மட்டும் பிளாக் பண்ணிடுங்க, யூடியூப் விபி9-ல குடுத்துடும்.

செகண்ட் ஹேண்ட்ல ஏமாத்து வேல உண்டு. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் 1050 டிஐனு வாங்கிட்டு வந்தான், பழைய கார்டுல பயாஸ, அதாவது கார்டுக்குள்ள இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர மாத்தி எழுதி வச்சிருந்தாங்க, ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல பாத்தா பேருக்கு முன்னாடியே ஃபேக்-னு காட்டுச்சு. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பிசில மாட்டி ஜிபியு-இசட் ஓட்டச் சொல்லுங்க, 768 ஷேடர், 128 பிட் ஜிடிடிஆர்5-னு வரணும், மாட்டிக் காட்ட மாட்டேன்னு சொன்னா திரும்பி வந்துடுங்க.

வேலொரண்ட் விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப்பு கேக்கும், உங்க மெஷின்ல அது கெடையாது, அதனால அந்த கேமுக்கு விண்டோஸ் 10-லயே இருங்க. கார்டு மாட்டினதும் டிவி கேபிள போர்டுலேந்து எடுத்து கார்டுல குத்துங்க, அப்புறம் 4கே வீடியோ ஒண்ண ஓட விட்டு டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கம் வீடியோ டீகோட் கிராஃப் ஏறுதானு பாருங்க. அது ஏறி ப்ராசஸர் எறங்கினா வேல முடிஞ்சுது.