கொள்ளுத்தாத்தாவின் குடியுரிமைத் தாள்

கேள்வி: என் மருமகள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா 1910 வாக்கில் இத்தாலியிலிருந்து கப்பலேறி நியூயார்க்கில் இறங்கினாராம். எந்த ஊர்க்காரர் என்று சம்பந்தி வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எங்கே தேடுவது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குடியுரிமைக்காக அவர் கோர்ட்டில் கொடுத்த தாள்களைத் தேடுங்கள் அம்மா. ஆனால் முதலில் 1920, 1930 சென்சஸ். வம்சாவளி தேடும் ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அவர் பெயருக்கு நேரே ‘என்ஏ’ என்றிருந்தால் குடியுரிமை வாங்கிவிட்டார், ‘பிஏ’ என்றால் முதல் தாள் மட்டும் போட்டிருக்கிறார், ‘ஏஎல்’ என்றால் அதுவரை வெளிநாட்டவர்தான். 1920 சென்சஸில் குடியுரிமை பெற்ற வருடத்துக்கே தனிக் கட்டம் உண்டு, அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் தாள் என்பது ‘குடியுரிமை பெற விரும்புகிறேன்’ என்று கொடுக்கும் அறிவிப்பு. எனக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான். உயரம், எடை, தலைமுடி நிறம், கண் நிறம், உடம்பில் தழும்பு ஏதாவது உண்டா, பிறந்த ஊர், ஏறி வந்த கப்பல், கீழே அவரே போட்ட கையெழுத்து. 1929 ஜூலைக்கு அப்புறம் கொடுத்தது என்றால் போட்டோவும் ஒட்டியிருக்கும். பேத்தி அந்த முகத்தைப் பார்க்கட்டும்! அடுத்தது மனு, குறைந்தது ஐந்து வருடம் அங்கே குடியிருந்த பிறகு கொடுப்பது. அதில் மனைவி, பிள்ளைகள் விவரம் வந்துவிடும். முதல் தாளை ஒரு ஊர்க் கோர்ட்டிலும் மனுவை வேறு மாநிலத்திலும் கொடுத்தவர்கள் நிறையப் பேர், அதனால் ஓரிடத்தில் இல்லையென்று விட்டுவிடாதீர்கள்.

ஃபெடரல் கோர்ட் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளைகளில் இருக்கும், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட் என்றால் அந்தக் கவுண்டியிலோ மாநில ஆவணக் காப்பகத்திலோ கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லையா, 1906 செப்டம்பர் 27 முதல் எல்லாக் கோர்ட்டும் வாஷிங்டனுக்கு ஒரு நகல் அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் வந்ததால், அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தின் வம்சாவளிப் பிரிவில் பணம் கட்டி ‘சி-ஃபைல்’, அதாவது அவருடைய குடியுரிமை ஃபைல், கேட்கலாம். அதற்கு முன் சம்பந்தி வீட்டுப் பழைய பெட்டியைக் கிளறச் சொல்லுங்கள், குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்தால் அதிலுள்ள எண்ணே அந்த ஃபைலின் எண்.

பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஜோவான்னி ஜான் ஆகியிருப்பார்.

கேள்வி: கொள்ளுப்பாட்டிக்கும் இப்படித் தாள் இருக்குமா?

பதில்: 1922 செப்டம்பர் 22-க்கு முன் அவர் கணவர் குடியுரிமை வாங்கியிருந்தால் மனைவியும் கூடவே குடிமகள் ஆகிவிடுவார், தனியாக மனு கிடையாது. கடல் தாண்டி வந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு தாள் இல்லை என்பது எனக்கு இன்றும் மனசு பொறுக்காத விஷயம். அப்படியானால் கணவரின் மனுவில்தான் அவரைத் தேட வேண்டும், அவர் பெயரும் பிறந்த இடமும் அதில் இருக்கும். அந்தத் தேதிக்கு அப்புறம் என்றால் அவருக்கே தனி மனு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.