தலைவர் அதிகாரத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது என்றால் என்ன?

அதிகாரம் பதவியோடு வருவது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி (வேலையை மேற்பார்ப்பவர்) பேர் போடுவார் (அன்றைய வேலையைப் பதிவார்), சங்கத் தலைவர் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) பேசுவார். செல்வாக்குக்குப் பதவி தேவையில்லை. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவர் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்களே, அதுதான். பாதிக்கப்படுகிறவர் காரணம் கேட்கவும் கணக்கைப் பார்க்கவும் முடிந்தால், இரண்டும் பொறுப்போடு நடக்கின்றன என்று பொருள்.

ஏன் அப்படி? பழைய பெரிய கங்காணியைப் பாருங்கள். ஆள் சேர்த்தவர், கடன் கொடுத்தவர், வேலை வாங்கியவர் எல்லாம் அவரே. கடன் எழுதிய 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்தக் கடன் சரிதானா என்று யாரிடம் போய்க் கேட்பது? 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசைப் போலத்தான் இது. முள் கொழுந்து எடுத்தவர் கண்ணில் படவேண்டும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று சொல்லிக் கழிக்கவேண்டும். சொல்லாமல் கழித்த இரண்டு கிலோவால் அளவு குறைந்து அரைப்பேர் (அரைநாள் கணக்கு) விழுந்தால், அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். கோபம் வருவது நியாயம்தானே.

மரண உதவிச் சங்கத்திலும் இதே வழிதான்: காசு வாங்கினால் பற்றுச்சீட்டு, எடுக்க இரண்டு கையெழுத்து, மாதக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பு. வீடு கொடுக்கும் பட்டியலில் சொந்தக்காரர் பேர் வந்தால் தலைவர் அந்த முடிவிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். எல்லாரும் உறவாக இருக்கும் லயத்தில் இதுதான் மிகக் கஷ்டம்.

கேள்வி கேட்கவிட்டால் தலைவரின் மரியாதை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கேட்டதும் புத்தகத்தைத் திறந்து காட்டுபவரிடம்தான் அடுத்த மாதச் சந்தாவைத் தயங்காமல் கொடுப்பார்கள்.