கால் நரம்புச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: பல ஆண்டுகள் பால்மரம் சீவிய என் அம்மாவுக்குக் கால் நரம்புகள் சுருண்டு புடைத்திருக்கின்றன; மாலையானால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. சுங்கை சிப்புட்டில் நடந்த இலவச முகாமில் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய், காலுறை, லேசர் மூன்றும் சேர்ந்த பேக்கேஜுக்கு அன்றே முன்பணம் கட்டினால் விலைக் கழிவு உண்டு என்றார்கள். கட்டலாமா ஐயா?

பதில்: கட்ட வேண்டாம். நாம் நரம்பு என்று சொல்வது சிரை என்ற இரத்தக் குழாயை. மேலேறும் இரத்தம் மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கும் சிரை வால்வுகள் பழுதாவதால்தான், இப்படிச் சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் வெயின் உண்டாகிறது. எந்தச் சிரையில் இரத்தம் பின்னோக்கி ஓடுகிறது என்பதை டாப்ளர் ஸ்கேனில் பார்த்த பிறகே லேசரா, மருந்து நுரை ஊசியா, அறுவையா என்று மருத்துவர் முடிவு செய்ய இயலும் என்பதால், ஸ்கேனுக்கு முன்பே லேசருக்கு விலை பேசுகிறவர் காலைவிடப் பணப்பையைத்தான் அதிகம் கவனித்திருக்கிறார்.

எண்ணெய் எந்த வால்வையும் சரிசெய்யாது. மருந்தென்று விற்றால், மலேசியச் சுகாதார அமைச்சின், எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

காலுறையை நான் குறை சொல்ல மாட்டேன். வீக்கமும் வலியும் குறையும், ஆனால் நோய் போகாது. வீக்கம் ஏறாத காலை நேரத்தில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து, அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் பாதரசம் (mmHg) என்று அச்சிட்டதையே வாங்க வேண்டும். செருப்பு அளவைக் கேட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள். அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால், பாதத்துக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று மருத்துவர் பார்க்கும் வரை இறுக்கமான காலுறையே கூடாது.

அரசாங்க கிளினிக்கில் காட்டி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். காத்திருக்க நேரலாம், ஆனால் செலவு மிகக் குறைவு. தனியாருக்குப் போனால், கட்டணம் ஒரு காலுக்கா இரண்டுக்குமா, மயக்க மருந்தும் மறு ஸ்கேனும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. காப்புறுதி இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகே தேதி குறியுங்கள்.

வேறு யாராவது ஏற்கெனவே எண்ணெயும் காலுறையும் வாங்கி ஏமாந்திருந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மருத்துவரின் சிகிச்சை மீதான புகாரை அங்கே ஏற்கமாட்டார்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். முகாமும் வேண்டாம், காலுறையும் வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.