சுகர் மீட்டரைத் தொடவே மனசு வரல டாக்டர்!

கேள்வி: வயசு 46, சுகர் வந்து 9 வருஷம். மெட்ஃபார்மின் மாத்திரையோட ராத்திரி இன்சுலினும் போடுறேன். கொஞ்ச நாளா நடுராத்திரி திடீர்னு முழிப்பு வருது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, லோ சுகர்தான்னு நெனச்சு இருட்டுலயே இனிப்பை எடுத்து வாயில போட்டுக்குறேன், காலையில பார்த்தா 240. அதுக்கப்புறம் அன்னிக்கு முழுக்க மீட்டர் பக்கமே போறதில்ல. எதுலயும் பிடிப்பும் இல்ல. இது சுகரா, மனசா?

பதில்: ரெண்டும் ஒரே வேஷம் கட்டிட்டு வரும், அதான் சிக்கல். சுகர் 70க்குக் கீழ போனா உடம்பு அட்ரினலின்ங்கிற ஹார்மோனை விடும், பதட்டத்துலயும் அதே அட்ரினலின்தான், அதனால படபடப்பு, நடுக்கம், வேர்வை எல்லாம் ரெண்டுக்கும் பொது, அனுபவிக்கிற உங்களாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது. மீட்டரைத் தலைமாட்டுல வைங்க, முழிச்சதும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்க. 70க்குக் கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 3 டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். இனிப்பு டப்பாவோட உக்காந்துடாதீங்க (திட்டல, அந்த நேரத்துல எல்லாரும் பண்றதுதான்). 140 காட்டுச்சுன்னா அது பெரும்பாலும் பதட்டம், இனிப்பு வேணாம். மீட்டர் கைக்கு எட்டலன்னா மட்டும் லோன்னே வச்சுக்கிட்டு சாப்பிடுங்க, அதான் சேஃப். நிஜமாவே லோன்னா இன்சுலின் அளவை டாக்டர்கிட்ட பேசி மாத்தணும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தா யோசிக்காம எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

மீட்டரைத் தொட மனசு வரலங்கிறதை சோம்பேறித்தனம்னு நெனச்சுக்காதீங்க. வருஷக்கணக்கா லீவே இல்லாம பார்க்குற வேலை இது, அந்தச் சலிப்புக்கு டயாபடீஸ் டிஸ்ட்ரஸ்னு பேரே இருக்கு. டென்ஷன்ல கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறும், கல்லீரல் சர்க்கரையை அவுத்து விடும், நம்பர் ஏறும், அதைப் பார்த்து இன்னும் டென்ஷன். வீட்டுல இருக்குறவங்க வேற "எவ்ளோ காட்டுச்சு?"ன்னு கேட்டுட்டு முகத்தைச் சுளிப்பாங்க. பரீட்சை மார்க்கா அது!

ஆனா பிடிப்பே இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதுன்னா அது வெறும் சலிப்பில்ல, டிப்ரஷனான்னு பார்க்கணும், சுகர் இருக்குறவங்களுக்கு அது மத்தவங்களை விட 2, 3 மடங்கு அதிகமா வருது. மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் எடுத்தா பி12 குறையலாம், அதுவும் சோர்வையும் மனவாட்டத்தையும் கொண்டு வரும், தைராய்டோட சேர்த்து டெஸ்ட் பண்ணுங்க. மனநல டாக்டர் மாத்திரை எழுதினா சுகர் டாக்டருக்கும் சொல்லுங்க, சிலது எடையையும் சுகரையும் ஏத்தும், சிலது கொஞ்சம் இறக்கும். வாழவே வேணாம்ங்கிற நெனப்பு வந்தா மட்டும் நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லி டாக்டரைப் பாருங்க.

கேள்வி: நானும் இன்சுலின் போடுறவன்தான். படபடப்புக்கு ப்ரோப்ரனலால் குடுத்திருக்காங்க, எடுக்கலாமா?

பதில்: மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட இன்சுலின் போடுறதைச் சொன்னீங்களா? அதை முதல்ல சொல்லுங்க. அந்த மாத்திரை லோ சுகர் வரும்போது வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் மறைச்சிடும். வேர்வையை மறைக்காது, அதனால காரணமே இல்லாம சட்டை நனைஞ்சா உடனே விரல்ல குத்தி மீட்டர்ல சுகர் பார்த்துடுங்க.