என் முறை வருவதற்குள் நெஞ்சு படபடக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 27 வயது. அலுவலகத்தில் கணக்கு வேலை. மீட்டிங்கில் ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போது, எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கையிலேயே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். என் பெயரையும் வேலையையும் மனதுக்குள் பத்து முறை சொல்லிப் பார்ப்பேன். மற்றவர்கள் பேசுவது எதுவும் காதில் விழாது. கை நடுங்குவது தெரிந்துவிடக் கூடாதென்று டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் தண்ணீர் குடிப்பேன். வீட்டுக்கு வந்தபின் பேசியதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துத் தூக்கம் போய்விடும். போன மாதம் பதவி உயர்வு தருவதாகச் சொன்னார்கள். நிறையப் பேச வேண்டியிருக்கும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். பள்ளி நாளிலிருந்தே இப்படித்தான். கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். சரியாகவில்லையே?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் பதவி உயர்வு பற்றிய வரியைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள், அப்புறம் பேச்சில் கலந்துவிடுவார்கள். பயம் ஆறு மாதத்துக்கும் மேல் நீடித்து, வேலையையும் பிறரோடு பழகுவதையும் முடக்கினால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்கும். நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் உங்கள் கடிதம் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது.

டம்ளருக்கு வருகிறேன். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடும். அதைவிட முக்கியம், 'இறுக்கிப் பிடித்ததால்தான் இன்று தப்பித்தோம்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பிடிக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பெயரைப் பத்து முறை ஒத்திகை பார்ப்பதும் இதே கதைதான். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல் இந்தச் சுழலை விளக்கினார்கள். கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. உள்ளே அடிக்கிற படபடப்பு வெளியே எல்லோருக்கும் தெரிவதாக நம்பிவிடுகிறோம்.

உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான்.

அடுத்த மீட்டிங்கில் ஒத்திகையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு முன்னால் பேசுபவர் சொல்வதில் இரண்டு விஷயங்களையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். நடந்ததைப் பிறகு பக்கத்திலேயே எழுதுங்கள். டம்ளரை ஒரு கையால் எடுப்பதை முதலில் நெருங்கிய ஒருவர் முன்னால் செய்து பாருங்கள். படபடப்பு வரத்தான் செய்யும். அது அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதோடேயே பேசுங்கள்.

கூடவே ஓர் உளவியல் நிபுணரிடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கேளுங்கள். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பயிற்சி செய்தும் மாற்றும் முறை அது. இந்தப் பயத்துக்கு நல்ல பலன் தருவது அதுதான். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில வாரம் போகட்டும். பிறகு மேலாளரிடம் போய், அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.