வயிற்று உப்புசத்துக்குத் தினமும் கரித்தூள் சாப்பிடலாமா?

வேறு ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுபவராக இருந்தால், வேண்டாம். உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இயற்கைதானே, தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கார்பமாசெபின் மாத்திரை ஒத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தாள். திடீரென்று ஒரு நாள் குளியலறையில் விழுந்து கிடந்தாள். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. "மாத்திரையை ஒழுங்காகப் போட்டால்தானே?" என்று டாக்டர் அவளைத்தான் கடிந்துகொண்டார். ஒரு வேளைகூடத் தவறவிடாதவள், அங்கேயே அழுதுவிட்டாள்.

அவள் அறையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அப்பியிருந்தது. அடியில் கரையாமல் நறநறவென்று தூள். உப்புசத்துக்கு நல்லது, உடம்பிலுள்ள நச்சையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று உறவுக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த ஆக்டிவேட்டட் சார்கோலாம், அதாவது நுண்துளைகள் நிறைய இருக்கும்படி பதப்படுத்திய கரித்தூள்.

உறிஞ்சத்தான் செய்யும். அதன் ஒரு கிராம் தூளிலுள்ள நுண்துளைகளை விரித்துப் போட்டால் 1000 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் பரப்பு வரும். வயிற்றில் அகப்படுவது நச்சா மருந்தா என்று அது பார்ப்பதில்லை. "இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். கார்பமாசெபின் விஷயத்தில் அதை நம்ப முடியாது. ரத்தத்தில் கலந்துவிட்ட பிறகும் அந்த மருந்தைக் குடல் வழியாகக் கரி இழுத்துவிடும். அளவுக்கு மீறி அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கரி கொடுப்பதே அதற்காகத்தான். தூளை நிறுத்திய பிறகு தங்கைக்கு மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்தது.

இயற்கை வைத்தியத்துக்கு எதிரி என்று என்னைத் திட்ட வருபவர்களுக்கு: கரியை நான் குறை சொல்லவில்லை. சிலவகை விஷத்துக்கு, உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றும் பொருள் அது. பெரியவர்களுக்கு வழக்கமாக 50 கிராம் கொடுப்பார்கள். ஆனால் மது, இரும்புச்சத்து மாத்திரை, மனநல மருந்தான லித்தியம், அமிலம், மண்ணெண்ணெய் இவற்றிடம் அது பலிக்காது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் அவசரத்துக்குக்கூட வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடுப்புக்கரியை இடித்த தூள் இதற்கு ஈடே ஆகாது.

பல் வெளுக்கவும் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, கரிப் பற்பசைகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் தங்கையின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் தடிமனாக ஃபைல் இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. "மாத்திரை தவிர வேறென்ன சாப்பிடுகிறாய்?" என்று முதல் தடவை விழுந்தபோதே ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாவது வலிப்பு வந்தே இருக்காது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கரி சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும். தூளைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எது எதனால் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.