பாட்டு சந்தேகம்: அந்த வீடியோ ஏன் பழைய ஆர்டிஎம் மாதிரி இருக்கு?

செந்தூல்லேருந்து ஒரு அம்மா: அண்ணே, என் மகனுக்கு 19 வயசு. நாலு பேரு சேந்து பேண்ட் வச்சிருக்கானுங்க, மொத பாட்டு ரெடியாம். வீடியோ எடுக்கற தம்பி ஒருத்தரு ட்ரோன் எல்லாம் வச்சு எடுக்க 6,000 வெள்ளி கேக்கறாரு, நானும் சரி கூட்டுப் பணம் எடுக்கறப்ப தரேன்னு சொல்லிட்டேன். இவன் என்னடான்னா வேணாம்மா, பேண்ட் பழகற ஜாமிங் ரூம்லயே நின்னு வாசிச்சு எடுத்துக்கறோம்னு சொல்லி ஒரு இங்கிலீஷ் வீடியோவ காட்டறான். ஆர்க்டிக் மங்கீஸ்னு ஒரு பேண்டாம், 2005ல வந்ததாம், பாத்தா நம்ம அரசாங்க டிவி ஆர்டிஎம்ல அந்தக் காலத்துல வந்த தீபாவளி நிகழ்ச்சி மாதிரி மங்கலா இருக்கு. இது கஞ்சத்தனமா ஸ்டைலா?

அம்மா, மொதல்ல அந்த 6,000 வெள்ளிய பத்திரமா வைங்க, மிச்சத்த அப்பறம் பேசுவோம்.

உங்க பையன் காட்டுனது 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்'. இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு, எஃகு பண்றதுக்கு பேர் போன ஊரு, அங்க உள்ள பசங்க. பாட்டு எழுதிப் பாடற அலெக்ஸ் டர்னருக்கும் இன்னொரு கிட்டார் வாசிக்கற ஜேமி குக்குக்கும் 2001 கிறிஸ்மஸுக்கு கிட்டார் கெடச்சுது, ட்ரம்ஸ் வாசிக்கற மேட் ஹெல்டர்ஸ் ட்ரம்ஸ் எடுத்ததே மிச்சம் இருந்தது அதான்னுட்டு. 2003 ஜூன்ல ஊர்ல ஒரு பப்புல மொத ஷோ, 2005 அக்டோபர்ல இந்தப் பாட்டு இங்கிலாந்து சார்ட்ல நேரா நம்பர் ஒன்னுல போய் உக்காந்துச்சு. ரெண்டரை வருஷம் கூட ஆகல. நம்ம ஆளுங்க பேண்டுக்கு பேரு வைக்கவே அவ்ளோ நாள் எடுப்பானுங்க.

இப்ப உங்க கேள்வி. அந்த மங்கல் தற்செயலா வந்தது இல்லம்மா, வேணும்னே தேடிப் போய் வாங்குனது. 2005ல நல்ல கேமராவுக்கு பஞ்சமா என்ன. டைரக்டர் ஹூஸ் மோன்ஃபரடி 1980கள்ல டிவி ஸ்டேஷன்காரங்க வச்சிருந்த இகேகாமி கேமராவ கொண்டாந்து எடுத்தாரு. அந்த கேமராக்குள்ள இப்ப உள்ள மாதிரி சிப் கெடையாது, மூணு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ள வர்ற வெளிச்சத்த ஒரு பிரிசம் சிவப்பு, பச்ச, நீலம்னு பிரிச்சு ஆளுக்கு ஒரு குழாய்க்கு அனுப்பும், மூணையும் மறுபடி ஒன்னு மேல ஒன்னு சரியா பொருத்தணும், கொஞ்சம் நகந்தாலும் ஆளு ஓரத்துல கலர் கலரா கோடு தெரியும். அது போக குழாய் பாத்தத ஒடனே மறக்காது, அதனால லைட்டு பட்டு மின்னுற எதுவும், சிம்பலோ மைக் கம்பியோ, நகர்றப்ப பின்னாடி ஒரு வால் இழுக்கும். உங்களுக்கு ஆர்டிஎம் ஞாபகம் வந்தது சரியான ஞாபகம்தான்மா, இங்க கலர் டிவி வந்தது 1978 கடைசியில, அதுக்கப்பறம் ஸ்டூடியோவுல எடுத்த பழைய நிகழ்ச்சிங்க அந்த மாதிரி குழாய் கேமரா காலத்துது. பாடகி ஜிமிக்கி ஆடுனா வெளிச்சம் கோடு போட்டுக்கிட்டு போகுமே, அதே வியாதிதான்.

சரி எதுக்கு வேல மெனக்கெட்டு அப்படி எடுக்கணும்? என் கணக்கு இது. அந்த நேரத்துல இவனுங்கள சுத்தி ஒரே பில்டப்பு. ஷோவுக்கு வந்தவங்களுக்கு டெமோ சிடிய சும்மாவே குடுத்தானுங்க, வாங்குனவங்க அத இன்டர்நெட்ல ஏத்தி விட, ஊர் பூரா பாட்டு தெரிஞ்சு போச்சு, பத்திரிகைக்காரங்க இன்டர்நெட் பேண்டு இன்டர்நெட் பேண்டுன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மைஸ்பேஸ்னு அப்ப இருந்த இணையதளத்துல இவனுங்க பேர்ல இருந்த பக்கம் கூட இவனுங்க போட்டது இல்ல, ரசிகருங்க போட்டது. அப்படி இருக்கறப்ப நாங்க யாருன்னு காட்ட ஒரே வழி, நாலு பேரும் நின்னு நேரா வாசிச்சுக் காட்டறது. கத இல்ல, நடிகை இல்ல, மழை இல்ல. ஆரம்பத்துல டர்னர் மைக்குல பேண்ட் பேரையும் பாட்டு பேரையும் சொல்லிட்டு, பில்டப்ப நம்பாதீங்கன்னு ஒரு வார்த்த போடுவான் பாருங்க, அப்பறம் ட்ரம்ஸ் விழும், மூணு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்த வீடியோவுல ஒளிய எடமே இல்ல. ஒருத்தன் தப்பு பண்ணா அப்படியே தெரியும். நம்ம உறுமி மேளக்காரங்கள பாத்திருப்பீங்க, தைப்பூசத்துல பத்துமலைலயோ தண்ணிமலைலயோ, பத்து பன்னெண்டு பேரு வேர்வ ஊத்த ஊத்த நடந்துகிட்டே அடிப்பாங்க, ஒருத்தன் கை தவறுனா மத்தவன் திரும்பிப் பாப்பான். அந்த மாதிரி ஒரு கட்டு இருந்தாதான் உங்க பையன் சொல்ற வீடியோ நிக்கும், இல்லன்னா ட்ரோன் மேல பறந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனால அவன்கிட்ட ஒன்னே ஒன்னு கேளுங்க. பாட்ட நிறுத்தாம அஞ்சு தடவ தொடந்து வாசிச்சிருக்கீங்களாடா? ஆமான்னா எடுக்கட்டும்.

நான் இத சொல்றதுக்கு காரணம் இருக்கு. 1990கள்ல நாங்களும் பிரிக்ஃபீல்ட்ஸ்ல நாலு பேரு பேண்ட் வச்சிருந்தோம், மொத பாட்டுக்கு வீடியோ எடுக்க ஒரு கல்யாண வீடியோக்காரர புடிச்சோம். லேக் கார்டன்ல நிறுத்தி வச்சு, ரேடியோல கேசட்ட போட்டு வாய் அசைங்கன்னாரு. வெயில்ல ரேடியோ பேட்டரி எறங்க எறங்க கேசட்டும் மெதுவா ஓடிருக்கு, எங்களுக்கு தெரியல, நாங்களும் அதுக்கு ஏத்தாப்ல மெதுவா வாய் அசைச்சிருக்கோம். அப்பறம் ஒழுங்கான ஸ்பீடுல பாட்ட போட்டா எவனுக்கும் வாய் சேரல! அத மறைக்க அவரு என்ன பண்ணாரு தெரியுமா, எங்க மூஞ்சி மேல இதயம் சுத்தற எஃபெக்ட் போட்டு, நடுவுல ரோஜாப்பூ விரியற மாதிரி ஒன்னு, எங்க பாட்டு தோட்டத்துல வேல இல்லாம போனத பத்தினது. காசு முழுசா வாங்கிட்டாரு. அந்த டேப் இன்னும் என் பெரியம்மா வீட்டுல இருக்கு, யாரும் கேட்டு வராதீங்க.

பட்டர்வொர்த் வாசகர்: போன்லயே பழைய வீடியோ கேசட் மாதிரி காட்டற விஎச்எஸ் ஃபில்டர் இருக்கே அண்ணே, அத போட்டா அதே லுக் வந்துருமே?

வராது தம்பி. அந்த ஃபில்டர் எல்லாம் மேல தூசியும் கோடும் தூவறது, ஹோட்டல்ல மல்லி தூவற மாதிரி. குழாய் கேமராவுல வால் இழுக்கறது வெளிச்சம் எங்க அடிக்குதோ அங்க மட்டும்தான், ஆளு எவ்ளோ வேகமா ஆடறானோ அதுக்கு தகுந்த மாதிரி. ஃபில்டருக்கு அது தெரியாது, தூங்கறவன் மேலயும் கோடு போடும்.

ஜாமிங் ரூம்ல போன்ல எடுக்கறதா இருந்தா ஃபில்டர விடுங்க, இத கவனிங்க. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சீலிங்ல பழைய குழல் விளக்கு இருந்துச்சுன்னா அது ஒரு நொடிக்கு 100 தடவ மின்னும், போன் கேமராவ சும்மா நொடிக்கு 30 ஃப்ரேம்ல விட்டா வீடியோவுல பட்டையா ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் ஒரு நொடில 50ல ஒரு பங்குன்னு வைங்க, நின்னுரும். சவுண்ட போன் மைக்க நம்பி விட்டுறாதீங்க, சின்ன ரூம்ல ட்ரம்ஸ் அடிச்சா அது கிழிஞ்சு போயிரும். ரூம்காரர்கிட்ட கேட்டு சவுண்ட் மிக்சர்லேருந்து தனியா ரெக்கார்ட் பண்ணிக்கிங்க, ஆரம்பத்துல ஒருத்தன் கேமராவுக்கு முன்னாடி பலமா ஒரு கைத்தட்டு தட்டட்டும், அப்பறம் ரெண்டையும் அந்த தட்டுல வச்சு சேத்துக்கலாம். இந்தக் கைத்தட்டு 1990கள்ல எனக்கு தெரிஞ்சிருந்தா ரோஜாப்பூ விரிஞ்சிருக்காது.

பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகர்: அந்த ஆர்க்டிக் மங்கீஸ் சிங்கிள்ல சுன் லீ பேர்ல ஒரு பாட்டு இருக்குன்னு நண்பன் பந்தயம் கட்டறான். கதை விடறானா?

காச குடுத்துருங்க. 'சுன் லீஸ் ஸ்பின்னிங் பேர்ட் கிக்', பாட்டு இல்ல, வெறும் இசை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம்ல வர்ற அதே சுன் லீ, தலைகீழா சுத்தி ஒதைக்குமே அந்த ஒதை பேருதான். அப்பல்லாம் சிங்கிள்னா கடையில காசு குடுத்து வாங்கற தனி சிடி, மெயின் பாட்டோட கூட ரெண்டு மூணு சின்ன பாட்டு வரும், அதுல பேண்டுக்காரன் இஷ்டத்துக்கு விளையாடுவான். இப்ப சிங்கிள்னா ஒரு லிங்க்கு, அதுல விளையாட எடம் இல்ல. ஆர்கேட்ல 20 சென் 20 சென்னா போட்டு நம்மளும் அந்த ஒதைய வாங்குனவங்கதானே.

கிள்ளான் வாசகி: வீடியோவுல பேஸ் கிட்டார் வாசிக்கறவர பிறகு காணோமே?

ஆண்டி நிக்கல்சன். 2006ல வெளிய வந்துட்டாரு, அப்பறம் நிக் ஓமேலி வந்தாரு. அதே வருஷம் ஜனவரில அவங்க மொத ஆல்பம் வந்து இங்கிலாந்துல ஒரே வாரத்துல 363,735 காப்பி போச்சு, அந்த ஆல்பத்துல வாசிச்சது நிக்கல்சன்தான்.

செராஸ் வாசகர்: வெள்ளக்காரன் பேண்ட பத்தி இவ்ளோ எழுதறீங்க, நம்ம ஆளுங்க பண்ணலையா?

பண்ணாம என்ன, கோவப்படாதீங்க. அதே 2006லதான் யோகி பி அண்ட் நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்த போட்டாங்க, நம்ம ஊரு தமிழ் ராப்ப தமிழ்நாட்டுலயே திரும்பிப் பாக்க வச்ச ஆல்பம். அதுக்கு முன்னாடியே பினாங்குலேருந்து அலிகேட்ஸ், டேவிட் ஆறுமுகமும் அவரு தம்பி லோகநாதனும் மலாய்ல பாடி நாட்டையே புடிச்சு வச்சிருந்தாங்க. ஆனா நீங்க கேக்கறது தமிழ்ல கிட்டார் பேண்டுன்னா, ஒத்துக்கறேன், கொறச்சல்தான். என்னப் பொறுத்தவரைக்கும் கொற வாசிக்கறவங்ககிட்ட இல்ல. கல்யாணத்துக்கும் டின்னருக்கும் வாசிக்கப் போனா சினிமாப் பாட்டுதான் கேப்பாங்க, சொந்தப் பாட்ட எடுத்தா அந்த நேரம் பாத்துதான் எல்லாரும் பிரியாணி எடுக்க எந்திரிப்பாங்க. ஷெஃபீல்டுல பசங்களுக்கு சொந்தப் பாட்ட நின்னு கேக்க பப்புன்னு ஒரு எடம் இருந்துச்சு. டர்னரே அங்க போர்டுவாக்னு ஒரு மியூசிக் எடத்துல பார்ல வேல பாத்தவன்தான், மத்த பேண்டுங்கள தெனம் பாத்துப் பாத்து வளந்தவன். செந்தூல்லயோ பட்டர்வொர்த்துலயோ மாசத்துக்கு ஒரு ராத்திரி, சொந்தப் பாட்டு மட்டும்னு ஒரு எடம் யாராச்சும் தெறந்தா சொல்லுங்க, பிளாஸ்டிக் நாற்காலி இருந்தா போதும், தே தாரேக் என் செலவு.

செந்தூல் அம்மா, உங்க மகன் பேண்ட அங்க மொத ஆளா ஏத்தலாம். அஞ்சு தடவ வாசிச்சு முடிச்சானுங்களான்னு மட்டும் எழுதிப் போடுங்க.